ஒரு பிழையைப் பிடித்து முடிக்கும் வரை: வீட்டிலிருந்தே திறந்த மூல மென்பொருளைப் பராமரிப்பவருக்கு

உங்கள் குழுவில் ஐந்து பேர் என்றால் பெரும்பாலும் நாலு நேர மண்டலம். நீங்கள் கணினியைத் திறக்கும்போது இன்னொருவர் தூங்கப் போயிருப்பார். ஒரு சந்தேகம் கேட்டால் பதில் மறுநாள்தான். ஆகவே, எதிராளி திருப்பிக் கேட்கத் தேவையில்லாதபடி எழுதுவதே இந்த வேலையில் பாதி. ஒரு பிழை அறிக்கையைக் கையில் எடுத்து, அது முடியும் வரை போய்ப் பார்ப்போம்.

முதலில் அந்தப் பிழையை உங்கள் கணினியில் வரவழைக்க வேண்டும். "எக்ஸ்போர்ட் வேலை செய்யவில்லை" என்று ஒற்றை வரிதான் வந்திருக்கும். பதிப்பு எண், இயங்குதளம், கொடுத்த கட்டளை, திரையில் வந்த பிழைச் செய்தி நான்கையும் ஒரே பதிலில் கேட்டுவிடுங்கள். ஆரம்பத்தில் நான் ஒவ்வொன்றாகக் கேட்டு நாலு நாளைக் கழித்தேன். கடைசியில் பார்த்தால் கோப்பின் பெயரில் ஓர் இடைவெளி, அவ்வளவுதான்!

அடுத்து, பிழை எந்த கமிட்டில் (குறிநிரலில் செய்து பதிந்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்) நுழைந்தது என்று பார்க்க வேண்டும். 2.3 பதிப்பில் சரியாக இருந்தது, இப்போது உடைகிறது. நடுவில் 1000 கமிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டாம், மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் கருவியிலேயே, அதைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் பைசெக்ட் கட்டளை இருக்கிறது. 'கிட் பைசெக்ட் ஸ்டார்ட்' கொடுங்கள். உடைந்த நிலையில் நின்று 'கிட் பைசெக்ட் பேட்', பிறகு 'கிட் பைசெக்ட் குட்' என்று அடித்துப் பக்கத்தில் 2.3-இன் டேக் (அந்தப் பதிப்புக்கு வைத்த அடையாளப் பெயர்). (தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான்.) கிட் நட்டநடுவில் உள்ள கமிட்டை எடுத்து வைக்கும். ஓட்டிப் பார்த்து குட் அல்லது பேட் என்று சொன்னால் பாதி கமிட்டுகள் கழிந்துவிடும். சுமார் 10 சுற்றில் குற்றவாளி சிக்கிவிடும்.

கை சலித்தால் சோதனையைச் சின்ன ஸ்கிரிப்டாக எழுதி 'கிட் பைசெக்ட் ரன்' கொடுத்துவிட்டு எழுந்து போகலாம். ஸ்கிரிப்ட் முடியும்போது தரும் எண் 0 என்றால் நல்ல கமிட், 1 என்றால் கெட்டது, 125 என்றால் சோதிக்க முடியாதது, தாண்டிவிடும். முடிந்ததும் 'கிட் பைசெக்ட் ரீசெட்' முக்கியம். மறந்தால் ஏதோ பழைய கமிட்டில் நின்றுகொண்டு, நேற்று எழுதியதெல்லாம் எங்கே போச்சு என்று தேடுவீர்கள்.

சரி, இனி திருத்தம். முதலில் தோற்கும் டெஸ்ட்டை எழுதுங்கள், அப்புறம் குறிநிரலைத் தொடுங்கள். கமிட் செய்தியின் முதல் வரி சுமார் 50 எழுத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரு வரி விட்டு, ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். என்ன மாறியது என்பதை டிஃப் (பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு வரும் வித்தியாசப் பட்டியல்) காட்டிவிடும். ஏன் என்பது உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. பாதுகாப்பு ஓட்டை என்றால் மட்டும் பொதுவில் எதையும் எழுதாதீர்கள், திட்டத்தின் தனி மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்.

நாள் முடிவில் இஷ்யூவில், அதாவது அந்தப் பிழை அறிக்கையின் பக்கத்தில், நாலு வரி: "பெயரில் இடைவெளி இருந்தால் உடைகிறது. காரணமான கமிட் கீழே. லினக்ஸில் டெஸ்ட் ஓடியது, விண்டோஸில் பார்க்கவில்லை. யாராவது அதை மட்டும் பாருங்கள்." காலையில் எழும்போது விண்டோஸ் முடிவு காத்திருக்கும்.

கடைசியாக, அடுத்தவர் அனுப்பும் திருத்தத்தை, அதாவது பேட்ச்சை, ஏற்பது. முகம் பார்க்காத வேலையில் நம்பிக்கையும் எழுத்தில்தான் வளர்கிறது, அதில் ஆபத்தும் உண்டு. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற திறந்த மூலத் திட்டத்தில் ஒருவர் இரண்டு ஆண்டுக்கும் மேலாக ஒழுங்காகப் பங்களித்து, பராமரிப்பாளர் உரிமை பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவை (கள்ளத்தனமாக உள்ளே நுழையும் வழியை) நுழைத்தார். எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) உள்நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் 2024 மார்ச்சில் அது வெளிப்பட்டது. அதைக் கிளப்பிவிடும் துண்டு, குறிநிரலைப் பொதுவில் வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. எனவே வெளியிடும் முன் தொகுப்பைப் பிரித்து, களஞ்சியத்தோடு ஒருமுறை டிஃப் எடுத்துப் பாருங்கள். கூடுதலாக ஒரு கோப்பு இருந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும் வரை வெளியிடாதீர்கள்.