சென்னையிலிருந்து இமயம்: மலைநடைப் பாதையைத் தேர்ந்தெடுக்கும் முறை

சென்னைவாசிகளான நாம் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் உறங்கி எழுகிறவர்கள். பரங்கிமலை நூறு மீட்டரைக்கூட எட்டாது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். இமயமலையின் பல பாதைகளில் இரண்டாம் இரவுக் கூடாரமே அதைவிட உயரத்தில் அடிக்கப்படுகிறது. எனவே, படத்தில் பார்த்து மயங்கிய உச்சியைக் கொண்டு பாதையைத் தேர்ந்தெடுப்பதைவிட, ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் படுக்கப்போகிறோம் என்ற கணக்கைக் கொண்டு தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கருத்து.

பயணத் திட்டம் கைக்கு வந்ததும், தங்குமிடங்களின் உயரங்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை, ஏறாமல் அதே உயரத்தில் தங்கும் நாள் ஒன்று இருக்க வேண்டும். பகலில் இன்னும் மேலே ஏறிவிட்டு இரவுக்குள் இறங்கிவந்தால் தவறில்லை. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைகிறது; ஏறக்குறைய 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதியாகிறது. அதற்குப் பழக உடலுக்கு நாட்கள் தேவை. மெரினாவில் தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடுபவருக்கும் இதில் சலுகை கிடையாது. சொல்லப்போனால், வேகமாக ஏறக்கூடியவர்களே உயரத்தால் வரும் நோயில் எளிதில் மாட்டிக்கொள்கிறார்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே போகாமல் நிற்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவானாலும் உடனே கீழே இறங்க வேண்டும். இந்நோயைத் தடுக்க எடுக்கும் டயாமாக்ஸ் மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல், குறிப்பாக சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், எடுக்கக் கூடாது.

இந்தக் கணக்கின்படி பார்த்தால், சென்னையில் விடியற்காலை விமானம் ஏறி, தில்லி வழியாக அன்றோ மறுநாள் காலையிலோ 3,500 மீட்டர் உயரமுள்ள லடாக்கின் லே நகரில் இறங்கி, அடுத்த நாளே நடக்கத் தொடங்கும் திட்டம் எதுவாயினும் தள்ளுபடிதான். அங்கே குறைந்தது இரண்டு நாள் ஓய்வு வேண்டும். முதல்முறை செல்பவருக்கு உத்தராகண்டின் கேதார்கந்தா பொருத்தமானது: உச்சி சுமார் 3,800 மீட்டர், தொடங்கும் சாங்க்ரி கிராமமோ 2,000 மீட்டருக்கும் கீழே. மணாலியிலிருந்து செல்லும் ஹம்ப்டா கணவாய் சுமார் 4,270 மீட்டர். அதைக் கடந்தால் மறுபக்கம் லாஹௌல் பள்ளத்தாக்கில்தான் இறங்க வேண்டும், வந்த வழியே திரும்புவதாக இருந்தாலோ கணவாயையே மீண்டும் ஏற வேண்டும் என்பதால், அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பருவத்தைப் பொறுத்தவரை நம் பழக்கம் நம்மை ஏமாற்றும். நமக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும். உத்தராகண்டிலும் இமாசலத்திலும் ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை மழையும் நிலச்சரிவும். அந்த மாதங்களில் மழைமறைவுப் பகுதியான லடாக்குக்குப் போகலாம். மழையைப் பொருட்படுத்தாதவர்களுக்கு, பூக்கள் நிறைந்திருக்கும் அப்பருவத்தில் உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கு இருக்கிறது. பள்ளி விடுமுறை மாதமான மே மாதத்தில் உயரமான கணவாய்கள் பனியால் மூடியிருக்கும். ஆயுத பூசையை ஒட்டிக் கிடைக்கும் அக்டோபர் விடுமுறைதான், வானம் தெளிந்திருப்பதால், நமக்கு வாய்ப்பான காலம். நல்ல பருவம் என்பதும் உத்தரவாதம் அல்ல: 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சகஸ்ர தால் பாதையில் பனிப்புயலில் சிக்கி, கர்நாடகத்திலிருந்து சென்ற ஒன்பது பேர் இறந்தார்கள். ஆகவே ஏற்பாட்டாளரிடம், வானிலை கெட்டால் காத்திருக்க உபரி நாள் உண்டா, எந்த இடத்திலிருந்து திரும்புவீர்கள், ஆக்சிஜன் உருளை கூடவே வருமா, சாலையை அடைய எத்தனை மணி நேரமாகும் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கூடாரத்தையும் உணவையும் தாமே சுமப்பவர்களுக்கு முதுகுப்பை எளிதில் பதினைந்து கிலோவைத் தொடும். அடுக்குமாடிப் படிகளில் எட்டுப் பத்துக் கிலோ சுமையோடு மூன்று மாதம் ஏறி இறங்கி, பிறகு ஒருமுறை பர்வதமலை ஏறிப் பார்த்தால், எவ்வளவு சுமக்க முடியும் என்பது தெரிந்துவிடும். காலணியும் அதற்குள் காலுக்குப் பழகிவிடும். புதுக் காலணியோடு போய் இரண்டாம் நாளே குதிகால் கொப்புளத்தோடு நொண்டியவன் நான். அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது.

விடுப்புக் கணக்கில், தில்லிக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை நாளும், டேராடூனிலிருந்து சாங்க்ரிக்குச் சாலையில் ஒரு முழுப் பகலும் போய்விடும். திரும்பும் பயணச்சீட்டை, நடை முடியும் நாளிலிருந்து இரண்டு நாள் தள்ளி எடுங்கள். நாளை மாலை விமானம் இருக்கிறதே என்ற அவசரத்தில்தான் பலர் வானம் இருண்டிருக்கும்போதே கணவாயைக் கடக்கிறார்கள்.