வன்னி வீட்டுக்குக் கொம்பியூட்டர் வாங்குவது: சுவர் பிளக்கிலிருந்து தொடங்குங்கள்

புதுக் கொம்பியூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எந்தப் புரொசசர் நல்லது?" என்பதைத்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவின் ஊர்ப்புறம் என்று இந்தப் பக்கத்து வீடுகளுக்கு அது நாலாவது கேள்வி. புரொசசர் பழுதாவது மிக அரிது. பவர் சப்ளை, மதர்போட், யூபிஎஸ் (கரண்ட் நின்றதும் கொஞ்ச நேரம் தாங்கும் கருவி) என்பதன் பற்றரி இவைதான் போகின்றன. கரண்ட், இடிமின்னல், வெக்கை, புழுதி என்று காரணங்களும் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவையே. ஆகவே கையிலிருக்கும் காசில் மின்சாரத்துக்கான பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் கொம்பியூட்டர்ப் பெட்டியைத் தேடுங்கள்.

சுவரில் உள்ள வேலை

நமக்கு வரவேண்டியது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து தூரத்தில், லைன் முடிகிற இடத்தில் இருக்கும் வீடுகளில் பொழுதுபட்டு எல்லா வீட்டிலும் லைற் எரியத் தொடங்கியதும் வோல்ட்டேஜ் இறங்கும். வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டு காலை, மதியம், இரவு 7 மணி என்று மூன்று நாள் அளந்து எழுதி வையுங்கள். யூபிஎஸ் வாங்கும்போது அந்த எண்கள் தேவைப்படும்.

அடுத்தது எர்த். பெட்டியின் பின்பக்க ஆணியில் புறங்கை பட்டால் சுள்ளென்று இழுக்கிறதா? பெரும்பாலும் எர்த் இல்லை என்று அர்த்தம். பவர் சப்ளையின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் கப்பாசிற்றர்கள் சிறிதளவு மின்னை எர்த் வழியே இறக்கும். வழி இல்லாவிட்டால் அது பெட்டியின் தகரத்திலேயே நிற்கும். இரண்டு கால் அடப்டரும் எர்த் கால் முறிந்த பிளக்கும் வேண்டாம். 13 அம்பியர் சதுரக் கால் பொயின்ற் ஒன்றைக் கொம்பியூட்டருக்கென்றே ஒதுக்குங்கள். எர்த் கம்பி இறங்கிய இடத்து மண் கோடையில் காய்ந்து வெடித்தால் எர்த்தின் தடை கூடிவிடும். புதிதாக அடிப்பதென்றால் கிணற்றடி, வாழைப்பாத்தி மாதிரி ஆண்டு முழுக்க ஈரம் நிற்கும் பக்கம் நல்லது.

யூபிஎஸ்

மலிவான யூபிஎஸ்களில் பல ஓஃப்லைன் வகை. வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் அது பற்றரிக்கு மாறிவிடும். வோல்ட்டேஜ் தினமும் இறங்குகிற வீட்டில் ஒவ்வொரு மாலையும் பற்றரியைக் குடித்து, ஒரு வருடத்துக்குள் கொன்றுவிடும். லைன் இன்ரர்அக்ரிவ் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதற்குள் வோல்ட்டேஜைத் தூக்கிக் கொடுக்கும் ஏவிஆர் இருக்கும். பற்றரியைத் தொடாமலே சமாளிக்கும். யூபிஎஸ்ஸின் மட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் உள்வரும் வோல்ட்டேஜ் எல்லையை நீங்கள் எழுதி வைத்த ஆகக் குறைந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

யூபிஎஸ்ஸில் போட்டிருக்கும் 650 விஏ (வோல்ட்-அம்பியர்) என்பது 650 வாட்ஸ் அல்ல. பொதுவாக 360 முதல் 390 வாட்ஸ்தான் தாங்கும். உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 அம்பியர்-மணி ஈயப் பற்றரி ஒன்று. பெட்டியும் மொனிற்றரும் சேர்ந்து 100 வாட்ஸ் இழுத்தால் கால் மணி நேரம் கிடைக்கும். எழுதியதைச் சேமித்து ஒழுங்காக நிறுத்த அது போதும். மின்வெட்டு முழுக்க வேலை செய்ய அல்ல. ஈயப் பற்றரி 25 பாகை வெப்பத்துக்குக் கணக்கிடப்பட்டது, அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். தகரக் கூரைக்குக் கீழே, வெயில் படும் சுவரோரம் வைத்தால் இரண்டு வருடம் போனாலே பெரிது. மேசைக்குக் கீழே, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். கடை இராக்கையில் நெடுங்காலம் கிடந்ததை வாங்காதீர்கள், சார்ஜ் இல்லாமல் கிடக்கும் ஈயப் பற்றரி கிடந்தபடியே கெடும். வாங்கி வந்ததும் 8 மணி நேரம் சார்ஜ் ஏற்றிவிட்டுப் பாவியுங்கள்.

லேசர் பிரின்ரரை யூபிஎஸ்ஸில் ஒருபோதும் சொருகாதீர்கள். ரோலர் சூடாகும் கணத்தில் அது ஆயிரம் வாட்ஸ் அளவுக்கு இழுக்கும்.

சித்திரை மாதத்து மதிய இடியையும், ஐப்பசி, கார்த்திகை இடியையும் எந்த யூபிஎஸ்ஸும் எந்த சேர்ஜ் புரொடெக்டரும் நிறுத்தாது. கிட்ட விழுந்தால் எல்லாம் போகும். வானம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றுங்கள்; இடி தலைக்கு மேல் வந்தபின் வயரைத் தொட வேண்டாம். பலர் பவர் வயரைக் கழற்றிவிட்டு றவுட்டரிலிருந்து வரும் லான் வயரை விட்டுவிடுவார்கள். மின்னல் அந்த வழியாக வந்து மதர்போட்டை எரிக்கும். செம்புத் தொலைபேசி லைன் இருந்தால் அதையும் கழற்றுங்கள்.

பெட்டி

வீட்டுப் பாவனைக்கும் உயர்தரத்தில் ஐசிரி படிக்கும் பிள்ளைக்கும் பாவித்த ஒஃபிஸ் பெட்டி தாராளமாகப் போதும். ஒரு கோடு மட்டும் கிழித்துக் கொள்ளுங்கள்: இன்ரெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட எட்டாம் தலைமுறையும் ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். டெல் ஒப்டிபிளெக்ஸ் 3060, 5060, 7060, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோ திங்சென்டர் எம்720 எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே. "ஐ5" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள்: ஐ5-6500உம் ஐ5தான், ஆனால் ஆறாம் தலைமுறை, ஐ5-8500 எட்டு. சும்மா கிடைத்த ஆறாம் தலைமுறைப் பெட்டி என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ற் என்ற இலவச இயங்குதளம் போட்டு ஓட்டலாம், அதைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

இந்த ஒஃபிஸ் பெட்டிகளில் ஒரு பலவீனம் உண்டு. பவர் சப்ளை அந்தந்தக் கம்பனியின் சொந்த வடிவம். எரிந்தால் கடையில் இருக்கும் சாதாரண ஏரிஎக்ஸ் (பொது அளவு) சப்ளை பொருந்தாது. நல்ல யூபிஎஸ் இதற்கே முதலில் வேண்டும். பழைய பெட்டியின் மதர்போட்டிலுள்ள, காசு வடிவச் சிஆர்2032 பற்றரியை வந்த அன்றே மாற்றுங்கள். அது செத்தால் திகதி பின்னால் போகும். திகதி பிழைத்தால் இணையத்தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும், நீங்கள் இன்ரநெற்றைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

புதிதாகக் கட்டுவதென்றால் ரைசன் 5 5600ஜி அல்லது கோர் ஐ3-12100. இரண்டிலும் படம் காட்டும் பகுதி உள்ளேயே இருக்கிறது. கடைசி எழுத்தைக் கவனியுங்கள்: ஐ3-12100எஃப், ரைசன் 5 5600 இரண்டும் தனிக் கிராஃபிக்ஸ் காட் இல்லாமல் மொனிற்றரில் எதையும் காட்டா. ஐ3-12100க்கான எச்610 மதர்போட், டிடிஆர்4, டிடிஆர்5 என இரு றாம் வகைக்கும் வருகிறது. றாமின் வெட்டு இடம் வேறு, ஒன்று மற்றதில் ஏறாது. றாம் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள். 16 ஜிபி ஒற்றைத் துண்டைவிட உள்ளக கிராஃபிக்ஸ் வேகமாக ஓடும்.

பவர் சப்ளையின் ஸ்ரிக்கரில் உள்வரும் வோல்ட்டேஜ் "100–240" என்று இருப்பதை எடுங்கள். "200–240" என்றிருப்பது இரவு வோல்ட்டேஜ் இறங்கும்போது நின்று நின்று வரும். 450 வாட்ஸ், 80 பிளஸ் புரோன்ஸ் (மின்னை வீணாக்காத திறனுக்கான தரக்குறி) போதும். பின்னால் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால், சொருக முன் 230இல் நிற்கிறதா என்று பாருங்கள். 115இல் விட்டுப் போட்டால் அந்தக் கணமே வெடிக்கும்.

கோப்புகள் நிற்கும் எஸ்எஸ்டி 500 ஜிபி, என்விஎம்ஈ (மதர்போட்டில் நேரே சொருகும் வேகமான வகை), 2280 அளவு, அதாவது 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம். நம்ப முடியாத விலைக்கு 2 ரிபி விற்கும் எதையும் வாங்காதீர்கள். கொள்ளளவு பொய்யாக இருக்கும், நிரம்பியதும் பழைய கோப்பின் மேலேயே எழுதும்.

புழுதி

செம்மண் ஒழுங்கையோர வீட்டில் ஆறு மாதத்தில் புரொசசரின் சூட்டை இறக்கும் ஹீற்சிங்கின் இடுக்கு அடைபடும். முன்பக்கம் வலையும் கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடியும் உள்ள பெட்டி எடுத்து, முன்னால் இரண்டு 120 மில்லிமீற்றர் ஃபான் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளப் பொருத்துங்கள். வெளியேறுவதைவிட உள்வருவது கூடினால் இடுக்குகளால் புழுதி உறிஞ்சப்படாது. நிலத்தில் வேண்டாம், ஓர் அடி உயரத்தில் வையுங்கள். பின்னால் திறந்த காட் வாய்களை மூடுங்கள், பல்லியும் எறும்பும் சூடு தேடி உள்ளே போகும். புளோவரால் ஊதும்போது ஃபான் இலையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும். துணியால் மூடுவது நிறுத்திய பிறகு மட்டும்.

மற்றவை

மொனிற்றர் 22 முதல் 24 அங்குலம், ஐபிஎஸ் வகைத் திரை, 1920×1080. ஒஃபிஸ் பெட்டிகள் பலவற்றில் மொனிற்றர் வயருக்கு டிஸ்பிளேபோட் வாய் மட்டுமே இருக்கும். டிஸ்பிளேபோட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரண வயர் அந்த ஒரு திசையில்தான் வேலை செய்யும், திருப்பிப் போட்டால் படம் வராது. கீபோட், மவுஸ் இரண்டும் வயர் உள்ளவை போதும். பாமினித் தமிழ்த் தட்டச்சில் பழகிய கைக்கு என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டால் அதே விசை அமைப்பில் யூனிக்கோட்டில் தட்டலாம். தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோட்டைத் தேடி அலைய வேண்டாம். 4ஜி றவுட்டரை மேசையில் வைக்காமல் ரவர் இருக்கும் பக்கத்து யன்னலில், வெயில் படாமல் வைத்து, அங்கிருந்து கற் 6 லான் வயர் இழுங்கள். இங்க் ராங்க் பிரின்ரர் என்றால் வாரத்துக்கு ஒரு நிறப் பக்கம் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெக்கையில் தலை காய்ந்து அடைபடும். மாதத்துக்கு நாலு தாள்தான் என்றால் கறுப்பு வெள்ளை லேசரே மேல்.

றாம், எஸ்எஸ்டி போன்ற சின்னச் சாமான்களைப் கொழும்பு பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாக் கடைகளில் விலை பார்த்து எடுக்கலாம். யூபிஎஸ், மொனிற்றர், பவர் சப்ளை மூன்றையும் வவுனியா, கிளிநொச்சிக் கடைகளில் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது எடுங்கள். இவைதான் உத்தரவாதத்துக்குத் திரும்பிப் போகிறவை, ஏ9 வழியே கொழும்புக்குச் சுமந்து போய் வந்தால் மிச்சம் பிடித்த காசு பஸ்ஸோடு போய்விடும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரமே சோதியுங்கள். றாமைச் சோதிக்கும் மெம்ரெஸ்ற்86 ஓர் இரவு ஓடட்டும். கிறிஸ்ரல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் டிஸ்க்கின் ஆரோக்கியம் பாருங்கள். ஒரு வீடியோவை ஓடவிட்டு யூபிஎஸ்ஸுக்குப் போகும் சுவர் சுவிட்சை நிறுத்துங்கள். பெட்டி ரீஸ்ராட் ஆனால் அந்த யூபிஎஸ்ஸும் உங்கள் பவர் சப்ளையும் ஒத்துப்போகவில்லை, கடைக்காரரிடம் அன்றே கொண்டு போங்கள். பில்லும் மட்டைப் பெட்டியும் உத்தரவாதம் முடியும்வரை பரணில் இருக்கட்டும்.