இரவுப் பாலைக் குறைத்தாலும் தாய்ப்பால் வற்றாமல் காக்கும் முறை

என் இரண்டாவது மகள் பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது இரவில் நான்கு தடவை எழும்பிப் பால் குடித்தாள். விடிந்ததும் களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனைக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்த நான், களைப்புத் தாங்காமல் ஒரே இரவில் எல்லாத் தடவைகளையும் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் இடது மார்பு கல்லைப் போல் கட்டிக் காய்ச்சல் வந்தது. ஒரு கிழமைக்குள் பகல் பாலும் குறைந்துவிட்டது. அதை மீட்டெடுக்க எனக்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது. இதே களைப்போடு இருக்கும் தாய்மார் அந்தத் தவறைச் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முதலில் பகலில் கூட்ட வேண்டும், அதன் பிறகே இரவில் குறைக்க வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றினால் பால் வற்றத் தொடங்கும்.

இதற்குக் காரணம் பால் சுரக்கும் விதத்தில் இருக்கிறது. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்னும் ஓமோன் இரவில் கூடுதலாக இருப்பது உண்மைதான். ஆயினும் பிள்ளை பிறந்து சில மாதங்கள் சென்ற பின்னர், மார்பிலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறது என்பதே எவ்வளவு சுரக்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. நிறைந்தபடியே நீண்ட நேரம் இருக்கும் மார்பில் சுரப்பு மெதுவாகும், வெறுமையான மார்பில் விரைவாகும். ஆகவே இருபத்துநான்கு மணித்தியாலத்தில் மொத்தம் எத்தனை தடவை மார்பு வெறுமையாகிறது என்பதையே நாம் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு தாயின் மார்பு ஆறு மணித்தியாலப் பாலைத் தாங்கும், இன்னொருவருக்கு மூன்று மணித்தியாலத்திலேயே நிறைந்துவிடும். அதனால் அயல்வீட்டுப் பெண்ணுக்குச் சரிவந்த கணக்கு உங்களுக்கும் சரிவரும் என்று எண்ண வேண்டாம்.

ஒன்பது மாதத்துக்கு முன் இதைத் தொடங்குவதை நான் விரும்பவில்லை. ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட குழந்தையாயின், கிளினிக் புத்தகத்திலுள்ள நிறைக்கோடு ஒழுங்காக மேலே போகிறதா என்பதை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வயது கடந்தால் இது இலகு. பல் முளைக்கும் நாட்களிலும், ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட்ட கிழமையிலும், நீங்கள் வேலைக்குத் திரும்பும் கிழமையிலும் தொடங்க வேண்டாம். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களையும் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அந்த வெக்கையில் குழந்தை உண்மையாகவே தாகத்தில்தான் எழும்பும்.

பகலில் கூட்டுவதற்கு ஒரு கிழமையாவது ஒதுக்குங்கள். இந்த வயதுக் குழந்தை பகலில் சரியாகக் குடிக்காததற்குப் பெரும்பாலும் பராக்குத்தான் காரணம். கோழி கூவினாலும் படலை திறந்தாலும் காம்பை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும், விடுபட்ட அந்தப் பாலை இரவில் வந்து கேட்கும். ஆகவே கதவைச் சாத்தி, வெளிச்சம் குறைந்த அறையில், தொலைபேசியும் இல்லாமல் அமர்ந்து கொடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சாப்பாட்டுக்கு முன்பே பாலைக் கொடுங்கள். இடையில் தேநீர், இனிப்புப் பானம், பிஸ்கட் என்று வயிற்றை நிரப்பினால் குழந்தை மார்பைத் தேடாது. மாலைச் சாப்பாடு சத்துள்ளதாக இருக்கட்டும். குழையச் சமைத்த சோற்றில் பருப்பும், முள் நீக்கி மசித்த மீனும், பூசணி அல்லது கீரையும் சேர்த்து, கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கரண்டி விட்டுப் பிசைந்து கொடுக்கலாம். ஒன்பது மாதத்துக்குப் பின் நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை உணவு வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

வேலைக்குப் போகும் தாய்க்கு இந்தப் பகல் கணக்கே கடினமானது. புறப்படும் முன் ஒரு தடவை, வீட்டுக்கு வந்து மேல் கழுவிய கையோடு ஒரு தடவை, படுக்கைக்கு முன் ஒரு தடவை என்பது குறைந்தபட்சம். வேலையிடத்தில் இரண்டு தடவையாவது கையாலோ பம்பாலோ பால் எடுக்க வேண்டும். இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் வேலையிடங்களில், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் பெண்ணுக்கு 9 மணித்தியால வேலைநேரத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உரிமையாக உண்டு. தயங்காமல் கேளுங்கள். எடுத்த பால் 25 பாகை செல்சியசுக்கு மேற்படாத இடத்தில் 4 மணித்தியாலம் வரை இருக்கும். நம் ஊர் வெக்கை அதற்கு இடம் தராது, ஆதலால் எடுத்தவுடன் ஐஸ் இட்ட குளிர்ப்பெட்டியில் வைத்து, வீடு வந்ததும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றி 4 நாட்களுக்குள் பயன்படுத்துங்கள். போத்தலைத் தவிர்த்துக் கோப்பையால் அல்லது கரண்டியால் பருக்குங்கள்.

இனி இரவு. மூன்று இரவுகள் எத்தனை மணிக்கு எழும்புகிறது, எத்தனை நிமிடம் குடிக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நீங்கள் படுக்கப் போகும் பத்து, பதினொரு மணிக்குக் கொடுக்கும் பாலையும், விடியப்புறம் நான்கு, ஐந்து மணிக்குக் கொடுக்கும் பாலையும் தொடவே வேண்டாம். நடுவில் இருப்பவற்றுள் மிகக் குறுகியதையே முதலில் எடுங்கள். ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகக் குடிக்குமாயின் அது பசியன்று, அதை நேராகவே நிறுத்தலாம். அதற்கு மேலாயின் இரண்டு இரவுகளுக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் வீதம் குறைத்துக்கொண்டு வந்து, ஐந்துக்குக் கீழே வந்ததும் நிறுத்துங்கள். ஒரு தடவையை விட்ட பின் ஒரு கிழமை பொறுத்தே அடுத்ததில் கை வைக்க வேண்டும்.

அந்த நேரத்தில் குழந்தையை நீங்கள் தூக்கினால் பால் மணத்துக்கு அது அழும். எங்கள் பகுதியில் கலியாணத்துக்குப் பிறகும் மகள் பெரும்பாலும் தாய் வீட்டிலோ அடுத்த வளவிலோ இருப்பதால், அம்மம்மா ஒருவர் எப்போதும் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பார். அவரையோ பிள்ளையின் தகப்பனையோ அருகில் படுக்கச் சொல்லுங்கள். முதுகைத் தட்டியோ ஏணையில் ஆட்டியோ உறங்க வைக்கட்டும், கேட்டால் கோப்பையில் இரண்டு மிடறு கொதித்தாறிய நீர் கொடுக்கட்டும். சீனித் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

உங்கள் மார்பு இறுகினால், இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும் பிழிந்து எடுத்துவிட்டுக் குளிர்ந்த துணியை வையுங்கள். முழுவதும் எடுத்தால், அந்த நேரத்துக்குப் பால் தேவை என்று உடல் எண்ணிக்கொள்ளும். காலைப் பாலின்போது இரண்டு மார்பும் நன்றாக வெறுமையாகட்டும். ஒரு பகுதி சிவந்து நொந்து காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். அந்த மார்பில் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், அப்பால் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது.

மார்பு மெத்தென்று இருப்பதையும் பம்பில் குறைவாக வருவதையும் வைத்துப் பால் வற்றிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். குழந்தை வழக்கம்போல் சிறுநீர் கழிக்கிறதா, நிறை கூடுகிறதா என்பவையே உண்மையைச் சொல்லும். அவை குறைந்தால், கடைசியாக விட்ட தடவையைத் திரும்பக் கொடுத்து, பகலில் பாலூட்டிய பின் பத்து நிமிடம் கூடுதலாகப் பால் எடுத்துவாருங்கள். பால்சுறாவும் முருங்கையிலையும் தாயின் உடலுக்கு நல்ல உணவு, ஆனால் பாலை எடுக்காமல் அவற்றை மட்டும் உண்டு சுரப்பைக் கூட்ட முடியாது.

இரவுப் பால் குறையும்போது மாதவிடாய் திரும்புவது வழக்கம், அது வருவதற்கு முன்பே கருத்தரிக்கவும் கூடும். பால் கொடுப்பதையே பாதுகாப்பாக எண்ணியிருந்தவர்கள், முதல் தடவையை நிறுத்துவதற்கு முன்னரே குடும்பநல உத்தியோகத்தரிடம் இது பற்றிப் பேச வேண்டும்.

இடையில் குழந்தைக்குக் காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் கொப்பியை மூடி வைத்துவிட்டு, எத்தனை மணியாயினும் கேட்கும் போதெல்லாம் பாலைக் கொடுங்கள். சுகமாகி இரண்டு மூன்று நாள் சென்றபின், விட்ட இடத்துக்கு முந்திய படியிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.