ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை: உற்பத்தித்திறன் கூடியதா, குறைந்ததா? கணக்கிடும் முறை

ஒரு மணிநேர உழைப்பில் எவ்வளவு சரக்கு கிடைக்கிறது என்பதுதான் உற்பத்தித்திறன். சரக்கை மணியால் வகுத்தால் போதும். வகுப்பதற்கு எடுக்கும் இரண்டு எண்களில்தான் தவறு நேர்கிறது.

கல்லை (டைல்ஸை) எண்ணாதீர்கள், சதுர அடியாக மாற்றுங்கள். 8 அங்குலச் சதுரக் கல் என்றால் 2.25 சேர்ந்து ஒரு சதுர அடி. 10 அங்குலம் என்றால் 1.44. ஒரு மாதிரிக் கணக்கு: 2015 ஜனவரி முதல் மார்ச் வரை 6 பேர், 70 நாள், தினம் 8 மணி. 3,360 மணியில் 8 அங்குலக் கல் 15,120. 2024இல் அதே மூன்று மாதம், 5 பேர், 2,800 மணி. 10 அங்குலக் கல் 10,080. எண்ணிக்கையில் பார்த்தால் மணிக்கு 4.5 கல் 3.6 ஆகி, 20% சரிவு. சதுர அடியில் பார்த்தால் 2 என்பது 2.5 ஆகி, 25% உயர்வு. பட்டறை ஒன்றுதான், முடிவு தலைகீழ்!

பூ வேலைக் கல்லையும் வெற்றுக் கல்லையும் அப்படியே கூட்டவும் கூடாது. பூ வேலைக்கு ஒன்றரை மடங்கு நேரம் பிடித்தால், அதன் ஒரு சதுர அடியை 1.5 ஆக எழுதுங்கள். அந்த விகிதத்தை இரண்டு ஆண்டுக்கும் மாற்றாமல் வையுங்கள். உடைந்த கல்லைக் கழித்துவிடுங்கள். அதற்குச் செலவான மணியைக் கழிக்காதீர்கள்.

பேரேட்டில் பணம் இருக்கும், நேரம் இருக்காது. கல்லுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட் கூலி என்றால் இன்னும் சிரமம். ஆகவே வந்த நேரம், போன நேரம் எழுத ஒரு தனி நோட்டு வேண்டும். மணல் சலிப்பவர், தொட்டியில் கல் அடுக்குபவர், உதவிக்கு வரும் வீட்டார் எல்லோருடைய மணியும் அதில் சேர வேண்டும். விற்பனை ரூபாயை வைத்து அளக்காதீர்கள், விலை ஏறியதெல்லாம் திறமை போலத் தெரியும். ரூபாய்தான் வேண்டுமென்றால் இரண்டு ஆண்டுச் சரக்கையும் ஒரே ஆண்டு விலையால் பெருக்குங்கள்.

அடுத்தது காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கல் காய்வது தாமதமாகும். அந்த மாதங்களைப் பங்குனியோடு ஒப்பிட்டால் மழையைத்தான் அளப்பீர்கள். எப்போதும் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். ஊரடங்கு வந்த 2020ஐத் தொடக்க ஆண்டாக வைக்கவே கூடாது; தாழ்ந்த இடத்திலிருந்து பார்த்தால் எதுவும் ஏற்றமாகத்தான் தெரியும்.

2015 முதல் 2024 வரை இடைவெளி 9 ஆண்டு, 10 அல்ல. 25ஐ 9ஆல் வகுத்து 2.8% என்பதும் தவறு. எக்செல்லில் =(2.5/2)^(1/9)-1 என்று போடுங்கள், ஆண்டுக்கு 2.5% வரும்.

அந்த ஒரே சராசரியோடு நிறுத்தாதீர்கள். 2019இல் மணிக்கு 2.3 சதுர அடி என்றால், முதல் 4 ஆண்டில் ஆண்டுக்கு 3.6%, அடுத்த 5 ஆண்டில் 1.7%. வேகம் குறைந்தது அப்போதுதான் கண்ணில் படும். சரிபார்க்க, இரு கட்டத்தின் மடங்குகளைப் (2.3/2, 2.5/2.3) பெருக்குங்கள்: 1.15 × 1.087 = 1.25. சதவீதங்களைக் கூட்டினால் 23.7தான் வரும். பெருக்கியும் 1.25 வரவில்லையென்றால், வகுத்ததில் தவறு இருக்கிறது, மறுபடி பாருங்கள்.