அரசுப் பள்ளியைச் சீராக்க: எதை முதலில் கையில் எடுப்பது?

உள்ளூர் அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கூடினால், முதல் கூட்டத்திலேயே பட்டியல் நீண்டுவிடும். சுவருக்குப் பெயின்ட், ஸ்மார்ட் போர்டு, கம்ப்யூட்டர் லேப், விழா மேடை. எதுவும் வேண்டாதது இல்லை. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வரவில்லை என்றால், இவற்றால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. உலக அளவில் கல்விச் சான்றுகளை அலசி 2020லும் 2023லும் வெளிவந்த நிபுணர் குழுப் பரிந்துரைகளும் இதையே சொல்கின்றன: கற்பிக்கும் முறையைத் தொடாமல் பொருளை மட்டும் வாங்கிக் கொடுத்தால் காசு வீண்.

அதனால் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். பிள்ளை பள்ளியில் பாதுகாப்பாக நாள் முழுக்க இருக்க முடிகிறதா? தினமும் வருகிறதா? வந்தால் கற்கிறதா? ஓர் ஆண்டுக்கு மூன்று வேலைகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். பத்தை எடுத்துக்கொண்டால் பத்தும் அரைகுறையாக நிற்கும்.

உதிரும் கூரைப்பூச்சு, தொங்கும் மின்கம்பி, மூடியில்லாத கழிவுநீர்த் தொட்டி ஆகியவை இந்த வரிசைக்குள் வராது. அவற்றுக்குக் கூட்டம் போடத் தேவையில்லை. அன்றைக்கே அந்த அறையைப் பூட்டுங்கள், அந்த இடத்தைத் தடுத்துவிடுங்கள், பிறகு மனு எழுதுங்கள்.

அடுத்தது கழிப்பறை. காலையில் கழுவிவிட்ட ஈரத்தோடு போய்ப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மதிய இடைவேளை முடிந்த கையோடு போங்கள். ஒவ்வொரு கதவையும் உள்ளிருந்து தாழிட்டுப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் மூடியுள்ள குப்பைத்தொட்டி இருக்கிறதா, பூட்டிய கதவு எத்தனை, சாவி யாரிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டிய எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் பயன்படுத்த முடிகிறவற்றை மட்டும் எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2009இல் பள்ளிகளுக்கு வகுத்த அளவு: 25 மாணவிகளுக்கு ஒரு கழிப்பறை, 50 மாணவர்களுக்கு ஒரு கழிப்பறையும் ஒரு சிறுநீர்ப் பிறையும். குடிக்கவும் கை கழுவவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர், வாளியால் ஊற்றும் கழிப்பறைக்கு மேலும் 3 லிட்டர் வரை. 200 பிள்ளைகள் என்றால் 1,600 லிட்டர். ஆசிரியர்களையும் சேர்த்து 2,000 லிட்டர்த் தொட்டி தினமும் நிரம்ப வேண்டும். பெரும்பாலும் குறை கட்டடத்தில் இருக்காது. மோட்டார் பழுது, தாழ்ப்பாள் போனது, சுத்தம் செய்பவருக்குச் சம்பளம் நின்றது ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். புதிய கழிப்பறை கேட்பதற்கு முன் இருப்பதை ஓட வையுங்கள்.

வருகையைப் பார்க்க, பதிவேட்டில் கடைசி 40 வேலை நாட்களை எடுங்கள். நான்கு நாளோ அதற்கு மேலோ வராத பிள்ளைகளைத் தனியே எழுதுங்கள். பத்தில் ஒரு பங்கு நாட்களைத் தவறவிட்டால் அது தொடர் விடுப்பு. விடுப்புக் கடிதம் கொடுத்திருந்தாலும் கணக்கு அதுதான். வகுப்பின் சராசரி வருகை 92 விழுக்காடு என்று அழகாக இருக்கும்போதே, அதே நான்கைந்து பிள்ளைகள் மாதக்கணக்கில் நழுவிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்குப் போய் விசாரியுங்கள், மிரட்டாதீர்கள். நோய், தூரம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அடிக்குப் பயம்: ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லோருக்கும் ஒரே அறிவுரைக் கூட்டம் நடத்தினால் யாரும் திரும்பி வரமாட்டார்கள்.

இனி வாசிப்பு. உங்கள் உழைப்பில் பாதி இங்கே போகட்டும். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, மற்றவர் காதில் விழாத இடத்தில், வாசிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு நான்கைந்து நிமிடம் போதும். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடுவீடாகப் போய்ச் சோதிக்க இந்தியாவில் 2005 முதல் நடக்கும் ஏசர் (ASER) ஆய்வில் உள்ளபடி நான்கு படிகள் கொண்ட ஒரே தாள் தயாரியுங்கள்: தனி எழுத்துகள், சிறு சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் நான்கு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் சிறுகதை. பத்தியில் தொடங்குங்கள். சரளமாக வந்தால் கதைக்கு ஏற்றுங்கள். தடுமாறினால் சொற்களுக்கு இறக்குங்கள். ஐந்து சொற்களில் நான்கு சரியென்றால் சொல் நிலை. அதுவும் வரவில்லையென்றால் எழுத்துகள், அதே கணக்கு.

பாடப்புத்தகத்திலிருந்து பத்தி எடுக்கக் கூடாது. மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளை வாசிப்பதுபோலவே தெரியும். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். சொற்பட்டியலில் கல், மரம் என்று மட்டும் வைத்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள். கூடை, தேள், கொக்கு, பையன் என்று குறிகள் வரும் சொற்களைக் கலந்து வையுங்கள். கொக்கு என்பதைக் கக்கு என்று வாசிக்கிற பிள்ளைக்கு எழுத்து தெரிகிறது, ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒலி பிடிபடவில்லை. அதற்குத் தேவை ஒரு வாரப் பயிற்சி, பாடத்தை மறுபடி முழுக்க நடத்துவது அல்ல. சோதிப்பவர் தலையாட்டுவதும் முதல் எழுத்தை எடுத்துக்கொடுப்பதும் முடிவைக் கெடுக்கும். பெயர்ப்பட்டியலைச் சுவரில் ஒட்டவே ஒட்டாதீர்கள். எண்ணிக்கை ஊருக்கு, பெயர் ஆசிரியருக்கு மட்டும்.

முடிவு வந்ததும் தினமும் ஒரு மணி நேரம் வகுப்பைக் கலைத்து, நிலைவாரியாகக் குழு பிரியுங்கள். பிரதம் என்ற இந்தியக் கல்வித் தொண்டு நிறுவனம் வளர்த்தெடுத்த இந்த முறை பல நாடுகளில் பலன் தந்திருக்கிறது. இது சறுக்கும் இடம் ஒன்றுதான்: எழுத்து நிலைக் குழுவைப் புதியவரிடமோ தன்னார்வலரிடமோ தள்ளிவிட்டு, நன்றாக வாசிக்கிற குழுவை அனுபவமுள்ள ஆசிரியர் எடுத்துக்கொள்வது. அதைத் தலைகீழாக மாற்றுங்கள். எட்டு வாரம் கழித்து வேறு தாளில் மீண்டும் சோதித்து, தேறியவர்களை மேல் குழுவுக்கு அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் அந்தக் குழுவே மக்குக் குழு என்று பெயராகிவிடும்.

பணம் கேட்டு மனு எழுதும்போது, கழிப்பறை வசதி வேண்டும் என்று பொதுவாக எழுதாதீர்கள். பெண்கள் கழிப்பறை நான்கில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒன்றில் தண்ணீர் வரவில்லை, 110 மாணவிகள் என்று எழுதி, தேதியிட்ட படத்தை இணையுங்கள். பொருளோடு பராமரிப்பையும் சேர்த்துக் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை குழாய், யார் மாற்றுவது, எந்தக் கணக்கிலிருந்து. நகல் ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கிப் பள்ளிக் கோப்பில் வையுங்கள். தலைமை ஆசிரியர் மாறினாலும் அடுத்து வருபவர் அங்கிருந்தே தொடர முடியும்.