உகந்தைக் காட்டுப் பாதையில் கரடி: முதல்முறை பாதயாத்திரை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரடி கிடையாது. பனங்கூடலுக்குள் நடக்கும்போது எங்களுக்குப் பயம் கட்டாக்காலி நாய்க்கும் புடையன் பாம்புக்கும்தான். அதனால், தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலில் இருந்து உகந்தைக் காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்க ஆயத்தமாகிறவர்கள் கால் கொப்புளத்துக்கு என்ன பூசுவது என்று கேட்பார்கள், எந்தச் செருப்பு உழைக்கும் என்று கேட்பார்கள். கரடியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. திறக்கிற ஓரிருவரும் ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா வட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். கறுப்புக் கரடி என்றால் எதிர்த்து அடி, பழுப்புக் கரடி என்றால் செத்தவன்போலப் படு என்பது அதன் பாடம். கனடாக் காட்டுக்கு அது பொருந்தும். எங்கள் கரடியும் நிறத்தில் கறுப்புத்தான், ஆனால் அது அந்தக் கறுப்புக் கரடி இல்லை. சித்தப்பாவை நம்பிப் பொல்லை ஓங்கிக்கொண்டு போனால் முகம் மிஞ்சாது.

நான் மூன்று முறை அந்தப் பாதையில் நடந்திருக்கிறேன். கரடியை ஒரே ஒரு தடவைதான் கண்டேன். அதுவும் என்னுடைய பிழையால். அந்தக் கதை கீழே வருகிறது.

முதற்படி: எந்தக் கரடி என்று தெரிந்துகொள்ளுங்கள்

இலங்கையில் இருப்பது ஒரே இனக் கரடிதான். இந்தியாவில் உள்ள தேன்கரடியின் கிளையினம் அது. மெலுர்சஸ் உர்சினஸ் இனோர்னாட்டஸ் என்பது அறிவியற் பெயர். இந்தியக் கரடியைவிட மயிர் குட்டை, உடலும் சற்றுச் சிறிது. நெஞ்சில் வெளிறிய வளைகோடு, சாம்பல் பூசியதுபோன்ற மூஞ்சி. 1791இல் ஜோர்ஜ் ஷா என்ற ஆங்கில இயற்கையியலாளர் இதன் நீண்ட நகங்களைப் பார்த்துவிட்டு, மரத்தில் தலைகீழாகத் தொங்கிச் சோம்பிக் கிடக்கும் ஸ்லோத் என்ற தென்னமெரிக்க விலங்கின் உறவுக்காரன் என்று எழுதிவைத்தார். பிழை பின்னர் திருத்தப்பட்டது, ஆங்கிலத்தில் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெயரை வைத்து இதுவும் சோம்பேறி என்று எண்ணிவிட வேண்டாம். ஓட்டத்தில் உங்களை முந்தும். மரமும் ஏறும்.

அதன் முதன்மை உணவு கறையான். மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் இல்லை. புற்றை நகத்தால் கிழித்து, மண்ணை ஊதித் தள்ளி, உதட்டைக் குவித்து, அந்தப் பல்லிடைவெளியால் கறையானை உறிஞ்சி எடுக்கும். பழமும் தேனும் அடுத்தபடி. மனிதனைத் தின்ன அது வருவதில்லை.

அப்படியானால் ஏன் கடித்துக் குதறுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் மற்றப் படிகள் எல்லாம் தாமாகவே விளங்கும். அதற்கு மூக்குக் கூர்மை, கண்ணும் காதும் மட்டு. புற்றுக்குள் தலையை விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பக்கத்தில் வரும்வரை அதற்குத் தெரியாது. தெரிந்த கணத்தில், ஓடுவதா அடிப்பதா என்று யோசிக்கிற விலங்கு அது இல்லை. சிறுத்தையோடு ஒரே காட்டில் குட்டி வளர்க்கிற பிராணி, எதிரி கிட்ட வந்தால் முதல் அடி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்றுதான் பழகியிருக்கிறது. அடியும் பெரும்பாலும் தலையிலும் முகத்திலும் விழும். சிவபூசையில் கரடி புகுந்ததுபோல என்று அதன்மேல் பழி போடுகிறோம். காட்டில் அதன் பூசைக்குள் புகுகிறவர்கள் நாங்கள்தான்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் வருவது அதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

இரண்டாம் படி: காலத்தையும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள்

பாணமை தாண்டி உகந்தை மலை முருகன் கோவிலுக்கு வந்து சேரும்வரை பெரும்பாலும் ஊரும் தெருவும்தான். உகந்தையில்தான் பெருங்காடு தொடங்குகிறது. 2006 வரை யால கிழக்கு என்று அழைக்கப்பட்ட குமண தேசியப் பூங்கா அது. குமுக்கன் ஆற்றைக் கடந்தால் யால. நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று போய்க் கதிர்காமம். ஆடி உற்சவத்தையொட்டிச் சில நாட்களுக்கு மட்டும் இந்தப் பாதையை யாத்திரிகர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். மற்றக் காலங்களில் தேசியப் பூங்காவுக்குள் கால்நடையாகப் போக அனுமதி இல்லை.

அந்தச் சில நாட்கள்தான் பாலை பழுக்கும் காலமும். ஏ9 வீதியோரம் வன்னிப் பக்கத்தில் கூறுகட்டி விற்பார்களே, மஞ்சளாகச் சின்னஞ்சிறு பழம், தின்றால் உதட்டில் பால் ஒட்டிக்கொண்டு தேங்காயெண்ணெய் பூசித்தான் எடுக்க வேண்டும், அதே பழம். கரடிக்கு அது எங்களைவிடப் பிடிக்கும். பாலை மரத்தடியில் பழம் பொறுக்க ஓடுவதற்கு முன் மேலே பாருங்கள். மரத்தில் ஏறியிருந்து தின்றுகொண்டிருக்கலாம். கீழே இலையோடு முறிந்த கொப்புகள் பச்சையாகக் கிடந்தால் அந்த மரத்தை அதற்கே விட்டுவிடுங்கள்.

அதிகாலை, அந்தி, இரவு ஆகியவை அதன் நேரம். வெயிலுக்குப் பயந்து மூன்று மணிக்கே நடக்கத் தொடங்குவது யாத்திரை வழக்கம். அதை மாற்றச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் கேட்கவில்லை. இருட்டில் நடப்பதானால் டோர்ச் வெளிச்சத்தோடும் குரலோடும் கூட்டமாக நடங்கள்.

மூன்றாம் படி: பையில் என்ன?

அதிகம் இல்லை. ஒரு டோர்ச், கழுத்தில் தொங்கும் ஒரு விசில், தோள் உயரத்தில் ஒரு பொல்லு. பொல்லு அடிப்பதற்கு இல்லை, தரையில் தட்டிக்கொண்டு நடப்பதற்கு. பையை முதுகிலேயே மாட்டுங்கள், கையில் தூக்க வேண்டாம். ஏன் என்பது ஏழாம் படியில் தெரியும். கனடாவில் விற்கும் கரடித் தெளிப்பானைக் கொண்டுவரச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள், அதை விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். சீனவெடி கொண்டுபோகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். ஆனி, ஆடியில் அந்தப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று அவர்கள் பார்த்ததில்லை.

நான்காம் படி: சத்தமாக நடங்கள்

இதற்கு எங்கள் பெரியவர்கள் கண்டுபிடித்த கருவி ஒன்று இருக்கிறது. முன்னால் போகிறவர் "கந்தனுக்கு" என்பார், பின்னால் இருபது குரல் "அரோகரா" என்னும். வெளிநாட்டு மலையேறிகள் பையில் மணி கட்டிக்கொண்டு போகிறார்கள். மணியைவிட மனிதக் குரல் நல்லது, தூரத்திலேயே இன்னது என்று விலங்குக்கு விளங்கும். முதல் நாள் முழுத்தொண்டையில் அரோகரா சொல்கிறவர்கள் மூன்றாம் நாள் களைத்துப்போய் வாயை மூடிக்கொண்டு நடக்கிறார்கள். ஆபத்து அந்த மூன்றாம் நாளில்தான். முறை வைத்துச் சொல்லுங்கள். திருப்புகழ் தெரிந்தவர் பாடட்டும், தெரியாதவர் ஊர்க்கதை கதைக்கட்டும்.

பற்றை நெருங்கிய இடம், பாதை வளையும் இடம், காய்ந்த ஓடைப் படுக்கை, இந்த மூன்றிலும் குரலைக் கூட்டுங்கள். காற்று உங்கள் முகத்தில் அடித்தால் இன்னும் கூட்டுங்கள், உங்கள் வாடை கரடிக்குப் போகாது. பிள்ளைகளை நடுவில் விடுங்கள். காதில் பாட்டுக் கேட்கும் கருவியைச் செருகிக்கொண்டு ஒருவரும் நடக்கக் கூடாது.

யானைக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தாது. யானையைக் கண்டால் சத்தத்தை நிறுத்தி, குழுவில் பழக்கப்பட்டவர் சொல்வதைக் கேளுங்கள். அது தனிப் பாடம்.

ஐந்தாம் படி: தடயம் பாருங்கள், காது கொடுங்கள்

புற்றுகளைக் கவனித்துக்கொண்டே போங்கள். கிழித்த மண் ஈரமாக, கடும் நிறத்தில் இருந்தால் கரடி போய் வெகுநேரம் ஆகவில்லை. வெளிறிக் காய்ந்திருந்தால் பழையது. பாலை மரத்துப் பட்டையில் ஆழமான நகக்கீறல், பாலைக்கொட்டை நிறைந்த எச்சம், இவையும் அடையாளங்கள்.

சத்தம் இவற்றைவிட முக்கியம். இப்போது என் கதைக்கு வருகிறேன்.

இரண்டாவது யாத்திரையில் வியாழையில் தங்கியிருந்தோம். விடியப்போகிற நேரம், எனக்கு அவசரம். தண்ணீர்ப் போத்தலோடு தனியாகப் பற்றைப் பக்கம் போனேன். நித்திரையில் கிடப்பவர்களை எழுப்பக் கூடாது என்று மெல்லவும் நடந்தேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது. கோடையில் கிணற்றுத் தண்ணீர் வற்றி, இறைப்புப் பம்பு காற்றை இழுக்கத் தொடங்கும்போது கொறகொறவென்று ஒரு சத்தம் வருமே, அச்சொட்டாக அதுதான். காட்டில் யார் பம்பு வைத்தார்கள் என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். பிறகுதான் புற்று தெரிந்தது, புற்றுக்குப் பின்னால் மண் அப்பிய முதுகு தெரிந்தது. இடையில் இருபது முழம்கூட இராது.

நான் செய்த ஒரே நல்ல காரியம் ஓடாமல் நின்றதுதான். அதுவும் புத்தியால் இல்லை, கால் வரவில்லை. பிறகு ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்தேன். ஏழோ எட்டோ அடி வைத்திருப்பேன், காய்ந்த சுள்ளி ஒன்று முறிந்தது. உறிஞ்சல் நின்றது. கரடி இரண்டு காலில் எழுந்து, கழுத்தை நீட்டிக் காற்றை மோந்தது. மூக்கு நுனியில் ஈரமண் ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதா, வாடைதான் பிடித்ததா தெரியாது. தொண்டைக்குள் ஓர் உறுமல் உறுமிவிட்டு, திரும்பிப் பற்றையை முறித்துக்கொண்டு ஓடிவிட்டது. போத்தல் என் கையில் நசுங்கிப் போயிருந்தது. வந்த அவசரம் மறந்தே போய்விட்டது.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. காலைக்கடனுக்கும் இருவராகப் போவது, இருமிக்கொண்டு போவது. வெட்கத்தைக் கதிர்காமத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: கண்டுவிட்டால்

தூரத்தில் நிற்கிறது, உங்களைக் காணவில்லை என்றால் வந்த வழியே பின்வாங்கிக் காத்திருங்கள். அது தன் வேலையை முடித்துக்கொண்டு போகும். கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிற ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவருடைய பையைப் பிடித்து இழுங்கள்.

கிட்ட நிற்கிறது, உங்களைக் கண்டும்விட்டது என்றால் கத்த வேண்டாம், எதையும் எறிய வேண்டாம், ஓடவே வேண்டாம். எல்லோரும் ஒன்றாய் நெருங்கி நின்று, தாழ்ந்த குரலில் எதையாவது பேசிக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள். எழுந்து நிற்பது தாக்குவதற்கு இல்லை, மோந்து பார்ப்பதற்குத்தான். அதற்குப் போக ஒரு வழி விடுங்கள்.

குட்டி இருந்தால் எச்சரிக்கை இருமடங்கு. இந்தக் கரடியின் குட்டிகள் தாயின் முதுகில் ஏறிச் சவாரி போகும். பார்க்க அழகுதான். குட்டி தனியாக நின்றால் தாய் எங்கே என்று தெரியாமல் ஓர் அடியும் முன்வைக்காதீர்கள்.

ஏழாம் படி: பாய்ந்து வந்தால்

பல பாய்ச்சல்கள் வெறும் மிரட்டல். பாதியில் நின்று திரும்பிவிடும். ஆகவே முதல் பாய்ச்சலில் சிதறி ஓடாதீர்கள்.

உண்மையாகவே மேலே விழுந்தால் குப்புறப் படுங்கள். முகம் மண்ணில். இரு கை விரல்களையும் பிடரியில் கோத்து, முழங்கைகளால் கன்னங்களை மறையுங்கள். முதுகை அந்தப் பை பார்த்துக்கொள்ளும். புரட்டினாலும் திரும்பக் குப்புற வந்துவிடுங்கள். அது விலகிப் போன சத்தம் கேட்டு ஓய்ந்தபிறகும் சற்றுநேரம் அசையாதீர்கள். அவசரப்பட்டு எழுந்தால் இரண்டாம் சுற்று நடக்கும். கூட வந்தவர்கள் ஒருவர் ஒருவராக அடிக்கப் போகாமல், கூட்டமாக நின்று ஒரே குரலில் சத்தமிட்டு விரட்டுங்கள்.

காயம் பட்டால் துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள். இரத்தம் கட்டுப்பட்டபின் சிறு காயங்களைச் சவர்க்காரமும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சின்னக் கீறல் என்றாலும் ஏற்புவலி, நீர்வெறுப்புத் தடுப்பூசிகளுக்கு வைத்தியசாலைக்குப் போயே ஆக வேண்டும். இலவச அம்புலன்ஸ் எண் 1990. காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது, ஆகவே பாதையில் கடமையில் நிற்கும் படையினருக்கோ வனசீவராசிகள் திணைக்களத்தாருக்கோ ஆள் அனுப்புங்கள். பழிவாங்கப் புறப்படுவது குற்றம், கரடி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. இந்த நாட்டில் மிஞ்சியிருப்பவை ஆயிரத்துக்கும் குறைவு என்பதே பொதுவான மதிப்பீடு.

எட்டாம் படி: புறப்படுமுன் வீட்டில் ஒத்திகை

கடைசியில் எழுதினாலும் முதலில் செய்ய வேண்டியது இது. பயத்தில் மூளை வேலை செய்யாது, உடம்புக்குப் பழக்கம் இருந்தால்தான் உண்டு. பையை மாட்டிக்கொண்டு விறாந்தையில் குப்புற விழுந்து, பிடரியில் கை கோர்த்துப் பழகுங்கள். பத்துத் தடவை போதும்.

போன வருடம் நான் அப்படிப் படுத்துக் கிடந்தபோது அம்மா அடுப்படியில் இருந்து அகப்பையோடு ஓடிவந்தார். விசயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு அகப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, "முழங்கை எங்கே வர வேண்டும், தம்பி?" என்று கேட்டார். அந்த வருடம் அவரும் எங்களோடு நடந்தார்.