அடுப்பு டோஸ்டரில் பம்பாய் மசாலா டோஸ்ட்: நசநசக்காமல் மொறுமொறுவென்று வர

மும்பையில் ரயில் நிலைய வாசல்களிலும் கல்லூரித் தெருக்களிலும் சாண்ட்விச் வண்டிக்காரர்கள் போடுகிற மசாலா டோஸ்ட் இது. உள்ளே உருளைக்கிழங்கு மசாலா, பச்சைச் சட்னி, வெங்காயம், தக்காளி, வெள்ளரிக்காய். வெளியே வெண்ணெயில் சிவந்த பிரெட். இதற்கு மின்சார சாண்ட்விச் மேக்கர் தேவையில்லை. நீளக் கைப்பிடி வைத்த அலுமினிய டோஸ்டரைக் கரி அடுப்பிலோ கேஸ் அடுப்பிலோ திருப்பித் திருப்பிக் காட்டித்தான் அவர்கள் சுட்டெடுக்கிறார்கள். அதே டோஸ்டர் நம் ஊர்ப் பாத்திரக்கடைகளிலும் சுலபமாகக் கிடைக்கும்.

வீட்டில் முதன்முறை செய்கிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: மேலே கருகிவிட்டது, உள்ளே சொதசொதவென்று இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஈரம். பிரெட்டில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. சிவந்து மணம் வருவதற்கோ கிட்டத்தட்ட 140 டிகிரி வேண்டும். ஆகவே ஈரமான பிரெட் நிறம் மாறாமல் அடம்பிடிக்கும். நாம் பொறுமையிழந்து தீயைக் கூட்டுவோம். உலோகத்தை ஒட்டிய மேல்தோல் மட்டும் காய்ந்து கருகும், நடுவில் ஈரம் அப்படியே நிற்கும். கீழே சொல்லும் படிகளில் பாதிக்குமேல் இந்த ஈரத்தை அடக்குவதற்காகத்தான்.

4 சாண்ட்விச்சுக்கு வேண்டியவை

பிரெட் 8 துண்டு. வெண்ணெய் 40 கிராம்.

மசாலாவுக்கு: நடுத்தர உருளைக்கிழங்கு 3 (சுமார் 350 கிராம்), சின்னதாக ஒரு பெரிய வெங்காயம், பச்சை மிளகாய் 2, இஞ்சி அரை அங்குலம், எண்ணெய் 2 டீஸ்பூன், கடுகு அரை டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், கறிவேப்பிலை ஒரு இணுக்கு, உப்பு அரை டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன்.

சட்னிக்கு: கொத்தமல்லித்தழை அழுத்தி ஒரு கப், புதினா கால் கப், பச்சை மிளகாய் 3, பொட்டுக்கடலை ஒரு மேசைக்கரண்டி, சீரகம் அரை டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன், உப்பு.

அடுக்குவதற்கு: தக்காளி 1, வெள்ளரிக்காய் பாதி, வெங்காயம் 1, விருப்பமிருந்தால் வேகவைத்த பீட்ரூட். மேலே தூவ சாட் மசாலா.

மசாலாவில் உப்பு குறைவாகத் தெரிகிறதே என்று கூட்டிவிடாதீர்கள். கடை வெண்ணெயில் உப்பு இருக்கிறது, சாட் மசாலாவில் கருப்பு உப்பு இருக்கிறது, சட்னியிலும் போடுகிறோம். நான்கும் ஒரே வாயில்தான் சேரும்.

பிரெட்டும் டோஸ்டரும்

அன்று காலையில் வந்த மெத்தென்ற பிரெட்டைவிட முந்தைய நாள் பிரெட் இதற்கு நல்லது. வெண்ணெய் தடவும்போது கிழியாது. துண்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனமாக இருக்கட்டும். மெல்லிய துண்டு மசாலாவின் எடையைத் தாங்காது. பால் பிரெட், இனிப்பு பிரெட் வேண்டாம். சர்க்கரை இருப்பதால் உள்ளே சூடேறுவதற்கு முன்பே வெளியே கருத்துவிடும்.

வாங்கும்போது ஒரு பிரெட் துண்டை டோஸ்டருக்குள் வைத்துப் பார்த்து வாங்குவது உத்தமம். பிரெட் பெரிதாக இருந்தால் ஓரம் வெளியே நீட்டி நேராகத் தீயில் கருகும். ரொம்பச் சின்னதாக இருந்தால் உலோகத்தில் சரியாகப் படாது. உள்ளே இரண்டு வகை உண்டு. ஒன்று நடுவில் தடுப்பு இல்லாமல் கோடு போட்டது. மற்றது குறுக்கே மேடு வைத்து இரண்டு முக்கோணமாக அழுத்துவது. முக்கோண வகையில் மசாலாவை நடுவில் குவித்தால் அந்த மேடு நசுக்கி, பிரெட் பிளந்து எல்லாம் வெளியே வழியும். இரண்டு முக்கோணத்துக்கும் இரண்டு குவியலாக வைக்க வேண்டும். மசாலா நிறையப் பிடிக்கும் என்பவர்கள் கோடு போட்ட வகையையே வாங்கிக்கொள்ளுங்கள்.

மசாலா

உருளைக்கிழங்கைத் தோலோடு, வெட்டாமல் குக்கரில் வையுங்கள். வெட்டிப் போட்டால் வெட்டிய முகம் முழுக்கத் தண்ணீர் குடிக்கும். நடுத்தர அளவுக்கு 4 விசில் போதும். ஆவி அடங்கியதும் தண்ணீரை வடித்து, மூடாமல் 10 நிமிடம் ஆறவிடுங்கள். கிழங்கிலிருந்து ஆவி போவதைக் கண்ணால் பார்க்கலாம். அவ்வளவும் சாண்ட்விச்சுக்குள் வராமல் மிச்சமான ஈரம்.

தோலை உரித்துக் கையாலோ மத்தாலோ மசியுங்கள். அங்கங்கே சுண்டைக்காய் அளவு கட்டி இருந்தால் நல்லதுதான். மிக்சியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பிளேடு சுற்றும் வேகத்தில் மாவுச்சத்து வெளிப்பட்டுக் கிழங்கு பசையாகிவிடும், பிறகு எதைச் சேர்த்தும் சரிசெய்ய முடியாது.

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய இஞ்சி, மிளகாய் தாளித்து, வெங்காயத்தைப் போடுங்கள். வெங்காயம் கண்ணாடிப் பதம் வந்தால் போதும், சிவக்க வேண்டாம். மஞ்சள்தூள், உப்பு, பிறகு கிழங்கு. பூரிக் கிழங்குக்குப் போல இங்கே தண்ணீர் தெளிக்கக் கூடாது. நடுத்தரத் தீயில் 3 நிமிடம் புரட்டினால் வாணலியின் அடியில் லேசாக ஏடு கட்டும். அதுவே பதம். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறு. ஒரு உருண்டை பிடித்துப் பார்த்தால் கையில் ஒட்டாமல் நிற்க வேண்டும். ஒட்டினால் இன்னும் 2 நிமிடம் புரட்டுங்கள்.

சட்னி

கொத்தமல்லியைக் கழுவி நன்றாக உதறி, துணியில் ஒற்றிவிட்டுத்தான் மிக்சியில் போட வேண்டும். பொட்டுக்கடலைதான் இந்தச் சட்னியின் காவல். அரைத்த தழையிலிருந்து பிரிகிற தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பொட்டுக்கடலை இல்லாத சட்னியைப் பிரெட்டில் தடவிப் பாருங்கள், 2 நிமிடத்தில் பச்சைத் தண்ணீர் மறுபக்கம் தெரியும். பிரெட் தூளையோ ஒரு துண்டு பிரெட்டையோ சேர்த்து அரைப்பவர்களும் உண்டு, அதுவும் இதற்காகத்தான்.

தண்ணீர் 2 மேசைக்கரண்டிக்கு மேல் போகக் கூடாது. அதுவும் ஐஸ் தண்ணீராக இருக்கட்டும். ஜார் சூடாகச் சூடாகத் தழையின் பச்சை மங்கும். விட்டு விட்டு அரைத்து, எலுமிச்சைச் சாற்றை முதலிலேயே சேர்த்துவிட்டால் சட்னி சீக்கிரம் கறுக்காது. தேங்காய்ச் சட்னியைவிடக் கெட்டியாக, கரண்டியைக் கவிழ்த்தாலும் சட்டென்று விழாத பதம். பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் 3 நாள் தாங்கும்.

அடுக்குவது

வெண்ணெயை அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். கெட்டி வெண்ணெய் பிரெட்டைக் கிழிக்கும். அவசரத்துக்கு உருக்கினால் அது பிரெட்டுக்குள் இறங்கிப் போய்விடும். நமக்கு வேண்டியது மேலே நிற்கிற ஒரு படலம். துண்டுக்கு அரை டீஸ்பூன் வீதம், மூலை முடுக்கு விடாமல் உட்பக்கம் தடவுங்கள். சட்னியின் ஈரம் பிரெட்டுக்குள் இறங்காமல் தடுப்பது இந்தப் படலம்தான். உடம்புக்கு ஆகாது என்று வெண்ணெயை வெளிப்பக்கம் மட்டும் தடவுகிறவர்கள், குறைப்பதாக இருந்தால் வெளியே குறைக்கட்டும், உள்ளே வேண்டாம்.

வெண்ணெய் மேல் ஒரு டீஸ்பூன் சட்னி, இரண்டு துண்டிலும். ஒரு துண்டில் குவித்த 3 மேசைக்கரண்டி மசாலாவை வைத்து, சுற்றிலும் அரை சென்டிமீட்டர் ஓரம் விட்டுப் பரப்புங்கள். ஆசைக்கு 5 கரண்டி வைத்தால் டோஸ்டர் பூட்டாது. அழுத்திப் பூட்டினால் சுற்றிலும் பிதுங்கும், பிதுங்கியது டோஸ்டரில் ஒட்டிக் கருகும்.

மசாலாவின் மேல் காய்கள். 2 மில்லிமீட்டர் கனத்துக்கு வட்ட வட்டமாக நறுக்குங்கள். தக்காளியில் நாட்டு ரகத்தைவிட நீளமான பெங்களூர்த் தக்காளி தோதானது, சாறு குறைவு. எதுவானாலும் விதைப் பகுதியைச் சுண்டிவிட்டு, துணியில் ஒற்றி வையுங்கள். வெள்ளரிக்காயை ஒரு துண்டு தின்று பார்த்துவிட்டுப் போடுங்கள், ஒரு கசப்புக் காய் மொத்தத்தையும் கெடுத்துவிடும். காய்களின் மேல் முன்கூட்டியே உப்புத் தூவக் கூடாது. உப்புப் பட்ட சில நிமிடத்தில் காய் தண்ணீர் விட ஆரம்பிக்கும். மூடுவதற்கு முந்தைய நொடியில் ஒரு சிட்டிகை சாட் மசாலா, அவ்வளவுதான். உடனே மற்ற துண்டால் மூடிவிடுங்கள்.

சீஸ் போடுவதானால் துருவி, மசாலாவுக்கும் காய்க்கும் நடுவே போடாமல் பிரெட்டை ஒட்டியே போடுங்கள். சூடு வருவது அந்தப் பக்கத்திலிருந்துதான். நடுவில் மாட்டிக்கொண்ட சீஸ் உருகுவதற்குள் பிரெட் கருகிவிடும்.

சுடுவது

சின்ன பர்னரில், நடுத்தரத்துக்குக் கொஞ்சம் குறைந்த தீ. தீ நாக்கு டோஸ்டரின் விளிம்பைத் தாண்டக் கூடாது, கைப்பிடி தீக்கு மேல் வரக் கூடாது. காலி டோஸ்டரைப் பக்கத்துக்கு அரை நிமிடம் காட்டுங்கள். அதற்கு மேல் வெறுமனே காய வேண்டாம், உள்பூச்சு இருந்தால் கெட்டுவிடும்.

சாண்ட்விச்சின் வெளிப்பக்கம் இரண்டிலும் வெண்ணெய் தடவி உள்ளே வைத்து, மூடி, கைப்பிடியில் இருக்கும் வளையத்தை மாட்டுங்கள். வெளியே நீட்டும் ஓரத்தைக் கத்தியால் சீவிவிடலாம். முதல் பக்கம் 2 நிமிடம், திருப்பி அடுத்த பக்கம் 2 நிமிடம். அப்போது கொஞ்சமாகத் திறந்து பாருங்கள். பிரெட் மேல்தகட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தால் இழுக்காதீர்கள், இன்னும் சிவக்கவில்லை என்று அர்த்தம். மூடி அரை நிமிடம் வைத்தால் தானாக விட்டுக்கொடுக்கும். அதன்பின் பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று தேன் நிறம் வரும்வரை.

பர்னருக்கு நேர் மேலே சூடு அதிகம், மூலைகளில் குறைவு. அதனால் டோஸ்டரை ஒரே இடத்தில் வைத்துவிட்டு டீ போடப் போகாமல், 20 நொடிக்கு ஒருமுறை கொஞ்சம் நகர்த்துங்கள். ஆரம்பத்தில் ஸ்ஸ்ஸ் என்று பெரிதாகச் சத்தம் வரும், அது வெண்ணெயிலும் பிரெட்டிலும் உள்ள தண்ணீர் ஆவியாவது. சத்தம் தேய்ந்து அடங்கும் நேரமும் மொறுமொறுப்பு வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. நிறத்தைத் திறந்து பார்ப்பதற்கு முன் காதால் கேட்டே பழகிக்கொள்ளலாம்.

வெண்ணெய் சீக்கிரம் கருகுகிறது என்றால் வெளிப்பக்கத்துக்கு நெய் தடவுங்கள். வெண்ணெயில் இருக்கும் பால் பொருள்தான் முதலில் கருகுவது, நெய்யில் அது காய்ச்சும்போதே போய்விடுகிறது. மொறுமொறுப்புக்கும் நெய் ஒரு படி மேல். வாசனை மட்டும் மும்பை வாசனையாக இருக்காது.

எடுத்ததும் தட்டில் படுக்கவைத்தால் அடிப்பக்கம் வியர்த்து நமத்துவிடும். கம்பி வலை மேலோ, தட்டில் நிமிர்த்திச் சாய்த்தோ ஒரு நிமிடம் வையுங்கள். பிறகு பல் வைத்த கத்தியால் அறுத்து, மேலே ஓமப்பொடி தூவி, மிச்சச் சட்னியோடு பரிமாறுங்கள்.

காலை அவசரத்துக்கு

மசாலாவையும் சட்னியையும் முந்தைய இரவே செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். ஆனால் காலையில் மசாலாவை வாணலியில் சூடாக்காமல் வைத்தால், பிரெட் சிவந்த பிறகும் நடு ஜில்லென்றே இருக்கும். சாண்ட்விச்சை இரவே அடுக்கி வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம், எந்த வெண்ணெயும் 8 மணி நேரம் தாக்குப்பிடிக்காது. டிபன் பாக்ஸுக்கு என்றால் தக்காளி, வெள்ளரியை விட்டுவிட்டு, நன்றாக ஆறிய பிறகு காகிதத்தில் சுற்றி வையுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினிய டோஸ்டர் சூடாகாது. அங்கே இண்டக்‌ஷனுக்கு ஏற்ற தோசைக்கல்லில், குறைந்த சூட்டில் சாண்ட்விச்சை வைத்து மேலே ஒரு கனமான தட்டை அமர்த்துங்கள். பக்கத்துக்கு 3 நிமிடம் ஆகும், ஓரங்கள் ஒட்டாது, திருப்பும்போது தோசைத்திருப்பியோடு கையையும் மேலே வைத்துத் திருப்ப வேண்டும்.

டோஸ்டரைச் சூடாக இருக்கும்போது தண்ணீரில் போடாதீர்கள், தகடு நெளிந்து பிறகு சரியாகப் பூட்டாது. கை பொறுக்கும் சூட்டில் ஈரத்துணியால் துடைத்தால் ஒட்டியிருக்கும் துணுக்கெல்லாம் வந்துவிடும். உள்பூச்சு உள்ளதென்றால் கம்பி நார் பக்கமே போக வேண்டாம்.